வங்கக் கடல் திருப்பித் தருமா?

காலை மணி 8:42.

போன வாரம் இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திவைத்துவிட்டுப் போனேன். ஏழு நாள் பொறுத்தீர்கள். இனி ஒரு நிமிடம்கூடக் காக்க வைக்க மாட்டேன்.

2007 ஜனவரி 22, திங்கட்கிழமை. பொங்கல் முடிந்து சரியாக ஒரு வாரம். பெங்களூரில் இஸ்ரோவின் விண்கலக் கட்டுப்பாட்டு மையத்தில் எல்லார் கண்ணும் திரைமேல்.

விண்ணில் 550 கிலோ எடையுள்ள ஒரு கலம் மெல்லத் திரும்பத் தொடங்கிவிட்டது.

அதன் பெயர் எஸ்.ஆர்.இ-1. பன்னிரண்டு நாளாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கீழே இறக்க வேண்டும். இன்றே. இன்னும் ஒரு மணி நேரத்தில். முழுசாக.

குப்பத்து வாசகர்களே, வரைபடத்தை ஒருமுறை மனத்தில் விரித்துப் பாருங்கள். உங்கள் ஊருக்கு மேற்கே, ரயிலில் நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் பெங்களூரு. அங்கேதான் கட்டுப்பாட்டு அறை. கிழக்கே சித்தூர், திருப்பதி எல்லாம் தாண்டி, சூலூர்பேட்டையும் பழவேற்காடு ஏரியும் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. அன்று நெல்லூர் மாவட்டம், இன்று திருப்பதி மாவட்டம். அந்தத் தீவின் கரையிலிருந்து இன்னும் 140 கிலோமீட்டர் கிழக்கே, வங்கக் கடலில், கலம் வந்து விழ வேண்டிய இடம். ஒரு பக்கம் மூளை, ஒரு பக்கம் கடல். நடுவில் நீங்கள். காலை வண்டி பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போன குப்பத்துக்காரர்கள் அதற்குள் பட்டறையிலோ அலுவலகத்திலோ நுழைந்திருப்பார்கள். அதே ஊரின் இன்னொரு கோடியில் என்ன நடக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மணி 8:43. 8:44.

கலம் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறது. அது திரும்பி முடிக்கட்டும். அதற்குள் அந்த மனிதர்களின் மனத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இஸ்ரோவின் தலைவர் மாதவன் நாயர். ராக்கெட்டோடு வளர்ந்தவர். பி.எஸ்.எல்.வி. திட்டத்தை முன்னின்று நடத்தியவர். வங்கக் கடலின் குணத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. ஏன் என்கிறீர்களா?

அந்தக் கடல் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தது.

1979இல் அப்துல் கலாமின் முதல் எஸ்.எல்.வி. கடலுக்குள் போனது. 1987இல் ஒரு ஏ.எஸ்.எல்.வி., மறு ஆண்டு இன்னொன்று. 1993இல் முதல் பி.எஸ்.எல்.வி.யும் அதே வழியில் போயிற்று. கடைசியாக, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தக் காலைக்கு ஆறே மாதம் முன்பு, 2006 ஜூலையில், ஜி.எஸ்.எல்.வி. கிளம்பிய சற்று நேரத்தில் பக்கத்து இயந்திரங்கள் நான்கில் ஒன்று சோர்ந்தது. ராக்கெட் திசை தவறியது. இன்சாட்-4சி என்ற இரண்டு டன் செயற்கைக்கோளோடு அதுவும் கடலில் கரைந்தது. ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்த அடி ஆறு மாதத்தில் ஆறுமா?

ஆறவில்லை. ஆனால் அந்த நவம்பரில் மாதவன் நாயர் என்ன செய்தார் தெரியுமா? நாடு முழுவதிலுமிருந்து சுமார் எண்பது அறிவியலாளர்களைப் பெங்களூருக்கு அழைத்தார். அவர்கள் முன் ஒரே கேள்வியை வைத்தார். இந்தியா தன் சொந்தக் கலத்தில் மனிதரை விண்ணுக்கு அனுப்ப வேண்டுமா?

கூடியிருந்தவர்கள் ஆம் என்றார்கள்.

சொல்லிவிட்டார்கள். சொல்வது எளிது. மனிதரை அனுப்ப வேண்டும் என்றால் மனிதரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இஸ்ரோ அதுவரை விண்ணுக்கு எத்தனையோ அனுப்பியிருந்தது. சுற்றுப்பாதைக்குப் போன ஒரு திருகாணியைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ராகேஷ் சர்மா 1984இல் போனார், வந்தார். நெஞ்சு நிமிர்ந்தோம். ஆனால் போனதும் சோவியத் கலம், வந்ததும் சோவியத் கலம். கீழே இறக்கும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. நம் கையில் இல்லை.

அமெரிக்கா, ரஷ்யா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே அது கைவந்திருந்தது.

அந்தச் சிலரின் வரிசையில் போய் உட்கார இந்த ஒரு மணி நேரம்தான் வழி. தோற்றால்? எண்பது பேர் சொன்ன 'ஆம்' காகிதத்தோடு நின்றுவிடும். ஜூலையில் ஒன்று, ஜனவரியில் இன்னொன்று என்று இரண்டு தோல்விகளைச் சுமந்துகொண்டு எந்த முகத்தோடு தில்லியில் போய் மனிதர், விண்வெளி என்று பேசுவது?

மணி 8:55.

சரி, கலத்துக்கு வருவோம். அடிப்பக்கம் இரண்டு மீட்டர் அகலம். உயரம் 1.6 மீட்டர். கூம்பு வடிவம். உள்ளே ஆள் யாருமில்லை. இரண்டு சோதனைகள் மட்டும். எடையின்மையில் உலோகத்தை உருக்கி இறுகவைக்கும் உலை ஒன்று. நுண்படிகங்களை வளர்க்கும் கருவி மற்றொன்று. இரண்டும் வேலையை முடித்துவிட்டன.

ஆனால் உண்மையான சோதனை கலத்தின் உள்ளே இல்லை. அதன் தோலில் இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். இந்த அத்தியாயத்தின் உயிர் இதுதான்.

விண்ணிலிருந்து விழும் பொருள் காற்றில் மோதிக் கொதிக்கிறது. அதிலிருந்து தப்ப அன்றைக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழைய வழி. கவசத்தையே எரியவிடுவது. மேல்பூச்சு கருகும், உதிரும், உதிரும்போது வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். நம்பகமான வழி. ராகேஷ் சர்மா இறங்கியது அப்படித்தான். ஆனால் ஒருமுறைதான். எரிந்த கவசத்தோடு மறுபடி போக முடியாது.

இரண்டாவது, ஓடு. சிலிக்கா இழையால் ஆன இலேசான ஓடு. எரியாது, உதிராது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டாலும் வெப்பத்தை உள்ளே விடாமல் நிற்கும். இறங்கிய பின் துடைத்துவிட்டு மறுபடியும் பறக்கலாம். திரும்பத் திரும்பப் பறக்கும் விண்கலம் என்ற கனவே அந்த ஓட்டின்மேல்தான் நிற்கிறது.

அந்தக் கனவை நனவாக்கிய முதல் கலம் அமெரிக்காவின் கொலம்பியா. இந்தத் தொடரில் அதை நாம் எத்தனை வாரம் பின்தொடர்ந்தோம்! இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டி, தனித்தனியாக ஒட்டியது. 1981இல் முதல் பயணத்திலேயே வால்பக்கம் சில ஓடுகள் பெயர்ந்துபோனது நினைவிருக்கிறதா? அன்று தப்பித்தார்கள். 2003 பிப்ரவரி 1 அன்று தப்பவில்லை. அந்த முறை குற்றம் ஓட்டின்மேல் இல்லை. இடது இறக்கையின் முன்விளிம்பில், கிளம்பும்போது நுரைத்துண்டு மோதி விழுந்த ஓட்டை. அதன் வழியே அனல் உள்ளே புகுந்தது. தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கும்போது கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் போனார்கள்.

இந்தியாவில் அப்போது இரவு ஏழரை மணி. கர்னாலில் அவர் படித்த பள்ளிப் பிள்ளைகள் கொண்டாடக் காத்திருந்தார்கள்.

நான்கே ஆண்டு முன்பு நடந்தது இது. இஸ்ரோவில் அதை மறந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. அவர்களுடைய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றுக்கே கல்பனா-1 என்று பிரதமர் வாஜ்பாய் பெயர் மாற்றியிருந்தார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன செயற்கைக்கோள் அது. இந்த ஜனவரிக் காலையிலும் அது பணியில் இருந்தது.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் அந்தப் பொறியாளர் என்றால் என்ன செய்வீர்கள்? முதல் முயற்சி. தோற்கக் கூடாத முயற்சி. முழுக்கவசத்தையும் பழைய வழியில், எரியும் கவசமாகப் போட்டுவிட்டுப் போவதுதானே புத்திசாலித்தனம்?

அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

கலத்தின் மூக்கில் கார்பன் ஃபீனாலிக் என்ற எரியும் கவசம். உடம்பைச் சுற்றிச் சிலிக்கா ஓடு. நம் நாட்டிலேயே செய்த ஓடு. இரண்டு வழியையும் ஒரே கலத்தில் பூட்டினார்கள். அப்போது விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்தவர் பி.என். சுரேஷ். அவருடைய திருவனந்தபுரத்துக் குழுவுக்கு இந்த 550 கிலோ கலம் மட்டும் போதவில்லை. இதற்குப் பின்னால் வரப்போகும், சிறகு வைத்த, போய்ப் போய்த் திரும்பும் இன்னொரு கலத்துக்காக இன்றே ஓட்டைத் தீயில் காட்டிப் பார்க்க நினைத்தார்கள்.

துணிச்சல் என்றால் எனக்கு இதுதான் துணிச்சல்.

மணி 9:00.

கலம் திரும்பி முடித்துவிட்டது. இயந்திரங்கள் இப்போது போகும் திசையைப் பார்த்திருக்கின்றன. பற்றின.

வேகத்தைக் குறைக்கும் வேலை. சின்னச் சின்ன இயந்திரங்கள். ஒரே மூச்சில் நிறுத்தும் பலம் அவற்றுக்கு இல்லை. பத்து நிமிடம் விடாமல் எரிய வேண்டும். விநாடிக்குச் சுமார் ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகும் கலத்தின் வேகத்தில் ஒரு சிறு பங்கைத்தான் அவை குறைக்கும். அதுவே போதும். பாதை வளைந்து பூமியைத் தொட்டுவிடும்.

எங்கே தொடும் என்பதுதான் கேள்வி.

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் மொகிலி மலைப்பாதை உங்களுக்குத் தெரியும். கிரானைட் கல் ஏற்றிய லாரியை அதில் இறக்கும் ஓட்டுநர் மேலேயே வேகத்தைக் கட்டிவிடுவார். வளைவுக்கு வந்தபின் பிரேக்கை மிதித்துப் பயனில்லை. இங்கேயும் அப்படித்தான். 9:00 முதல் 9:10 வரை செய்வதுதான் கணக்கு. அதற்குப் பிறகு கலத்தை யாராலும் மறுபடி மேலே ஏற்ற முடியாது. கொஞ்சம் கூடுதலாக வேகத்தைக் குறைத்தால் செங்குத்தாக விழும். அழுத்தமும் அனலும் கலத்தை நொறுக்கும். கொஞ்சம் குறைவாகக் குறைத்தால் குறித்த இடத்தைத் தாண்டி எங்கோ போகும். அங்கே கப்பல் இருக்காது.

ஒரு விநாடி பிசகினால் பல கிலோமீட்டர் பிசகு.

அதோடு இன்னொரு தொல்லை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கலத்தை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது பூமியின் மறுபக்கம் போய்விடும். அதனால்தான் உலகம் முழுக்க ஆள் வைத்திருந்தார்கள். லக்னோ. மொரீஷியஸ். இந்தோனேசியாவின் பியாக். கனடாவின் சாஸ்கட்டூன். நார்வேயின் வட கோடியில், வட துருவத்தை எட்டிப்பார்க்கும் ஸ்வால்பார்ட். ஒவ்வொரு நிலையமும் தன் தலைக்கு மேல் கலம் வரும் சில நிமிடங்களுக்காகக் காத்திருந்தது. போதாததற்குக் கப்பலில் ஒரு கருவி, விமானத்தில் ஒரு கருவி.

9:05.

9:08.

9:10. இயந்திரங்கள் அணைந்தன.

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் யாரும் கைதட்டும் நேரம் இல்லை அது. கலம் இன்னும் பின்பக்கத்தை முன்னே காட்டிக்கொண்டு போகிறது. அப்படியே காற்றுக்குள் நுழைந்தால் சாம்பல். மறுபடி திருப்ப வேண்டும். மூக்கு முன்னால் வர வேண்டும்.

9:17. திரும்பியது.

அந்த மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது கூர்மையானது இல்லை. மழுங்கியது. உருண்டையானது. வேகமாகப் போகும் எதுவும் கூராக இருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? 1950களின் தொடக்கம் வரை அமெரிக்கர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜூலியன் ஆலன் என்ற பொறியாளர் தலைகீழாக யோசித்தார். கூர்மூக்கு அனலைத் தன்மேலேயே வாங்கிக்கொள்ளும். மழுங்கிய மூக்கு காற்றை முன்னால் அணைபோல் தள்ளி நிறுத்தும். பெரும்பாலான அனல் காற்றோடு ஓரமாகப் போய்விடும். இந்தக் கண்டுபிடிப்பை ரகசியமாகப் பூட்டி வைத்தார்கள். பின்னால் விண்ணுக்குப் போய்த் திரும்பிய மனிதர் ஒவ்வொருவரும் அந்த மழுங்கலுக்குக் கடன்பட்டவர்கள்.

9:17 முதல் 9:37 வரை இருபது நிமிடம்.

செய்ய ஒன்றுமில்லை. கலம் விழுந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் மிகக் கொடியது இந்த இருபது நிமிடம்தான். வேலை இருந்தால் பயம் தெரியாது. வேலை முடிந்துவிட்டது. 2004இல் இதே கலத்தின் மாதிரி ஒன்றை ஹெலிகாப்டரில் தூக்கிக் கடலில் போட்டுப் பாராசூட்டைச் சோதித்திருந்தார்கள். வேறு எத்தனையோ சோதனைகளைத் தரையில் செய்திருந்தார்கள். ஆனால் சுற்றுப்பாதையிலிருந்து விழும் அந்த வேகத்தை எந்தச் சோதனைக்கூடமும் முழுசாகக் காட்டித் தராது. அதை இனிமேல்தான் பார்க்கப்போகிறார்கள்.

மணி 9:37.

உயரம் 100 கிலோமீட்டர். வேகம் விநாடிக்கு 8 கிலோமீட்டர். மணிக்கு 29,000. குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் பதின்மூன்று விநாடி.

கலம் காற்றைத் தொட்டது.

அந்த வேகத்தில் காற்று காற்றாக இருக்காது. மூலக்கூறுகள் சிதறும். மின்னேற்றம் பெற்ற அனல் திரை ஒன்று கலத்தைச் சுற்றிப் படரும். பிளாஸ்மா. அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு ரேடியோ அலை வெளியே வர முடியாது. உள்ளேயும் போக முடியாது.

திரையில் எண்கள் நின்றன.

இது நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எதிர்பார்த்ததுதான். இந்த மௌனத்தை எப்படிக் கையாள்வது என்று பார்ப்பதும் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. தெரிந்திருந்தும் என்ன? நான்கு ஆண்டு முன்பு ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையிலும் மௌனம்தான் முதலில் வந்தது. கொலம்பியாவின் தளபதி ரிக் ஹஸ்பண்ட் பேச்சின் நடுவே நின்றுபோனார். அங்கிருந்தவர்கள் தொடர்பு திரும்பும், திரும்பும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

திரும்பவில்லை.

இங்கே?

ஓடு தாங்குகிறதா? ஒரே ஒரு ஓடு பெயர்ந்தாலும் போதும். ஒட்டிய பசை இளகினாலும் போதும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அனல் நாக்கை நீட்டினாலும் போதும். உள்ளே பாராசூட் சுருட்டி வைத்திருக்கிறது. துணி! அது பொசுங்கினால் கலம் கல்லாகக் கடலில் விழும். அதையும் விழுங்கிவிட்டு வங்கக் கடல் வழக்கம்போலச் சும்மா இருக்கும்.

9:39.

9:40.

கலம் இப்போது தானே தனக்குத் துணை. அதற்குக் கட்டளை கொடுக்க ஆளில்லை. தன் கணினியில் எழுதி வைத்ததை மட்டும் அது செய்ய வேண்டும். காற்று அதன் வேகத்தைத் தின்றுகொண்டே வந்தது. விநாடிக்கு 8 கிலோமீட்டர் என்றிருந்தது தேய்ந்து தேய்ந்து, 5 கிலோமீட்டர் உயரத்துக்கு வரும்போது விநாடிக்கு 101 மீட்டர் ஆகிவிட்டது. மணிக்கு 364 கிலோமீட்டர். ஒரு துளி எரிபொருள் செலவில்லை. காற்றே செய்த வேலை.

இப்போது துணியின் முறை.

முதலில் சிறிய பாராசூட். அது இழுத்து அடுத்ததை விரித்தது. வேகம் விநாடிக்கு 47 மீட்டர்.

இரண்டு கிலோமீட்டர் உயரம்.

பெரிய பாராசூட் விரிந்தது!

துணி பொசுங்கவில்லை. அப்படியென்றால் அனல் உள்ளே போகவில்லை. அப்படியென்றால் ஓடு தாங்கிவிட்டது!

மணி 9:46. விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் எஸ்.ஆர்.இ-1 வங்கக் கடலில் விழுந்தது.

விழுந்ததும் முடிந்ததா? இல்லை. 550 கிலோ. மிதக்க வேண்டும். மூழ்கினால் மொத்த உழைப்பும் கடலடியில். தண்ணீர் பட்டவுடன் மிதவை தானாக வேலை செய்ய வேண்டும்.

செய்தது. கலம் மிதந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கிலோமீட்டர் தொலைவில், எங்கே எதிர்பார்த்தார்களோ அந்தப் பகுதியில். கடலோரக் காவல் படையும் கடற்படையும் கப்பல், விமானம், ஹெலிகாப்டர் என்று முன்பே வளைத்துக் காத்திருந்தன. தேடிப் பிடித்தார்கள். தூக்கினார்கள். கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

எத்தனை ஆண்டுக் கணக்கு பாருங்கள். 1979 முதல் எடுத்துக்கொண்டே இருந்த கடல். முதல்முறையாக அவர்களே விண்ணிலிருந்து குறி பார்த்து அதில் ஒன்றைப் போட்டார்கள். விண்ணிலிருந்து விழுந்ததை முதல்முறையாக அது திருப்பிக் கொடுத்தது.

மாதவன் நாயர் அன்று எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து வந்த நல்ல தூக்கமாக இருந்திருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தால் என்ன கிடைத்தது என்று கேட்டால் நான் கலத்தைக் காட்ட மாட்டேன். ஓட்டைக் காட்டுவேன். தீக்குள் போய் வந்த நம் ஓடு. திருவனந்தபுரத்தில் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், அளக்கலாம், அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்யலாம். படத்தில் பார்ப்பதும் கணினியில் கணக்குப் போடுவதும் அதற்கு ஈடாகுமா?

மனிதருக்கான கலத்தின் வேலையும் இங்கிருந்துதான் வேகம் பிடித்தது. 2014 டிசம்பரில் மனிதர் உட்காரும் அளவிலேயே ஒரு கலத்தைச் செய்து, ஆளில்லாமல், 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்தமான் பக்கம் கடலில் இறக்கினார்கள். அதுவும் மிதந்தது. அதையும் மீட்டார்கள். அந்தக் கதைக்கு நாம் பிறகு வருவோம்; ககன்யான் வரை போகும் நீண்ட கதை அது.

ஆனால் அதற்கு முன் இன்னொரு கடன் பாக்கி இருக்கிறது.

ஓட்டை ஏன் சோதித்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? சிறகு வைத்த அந்தக் கலத்துக்காக. அதைச் செய்து முடிக்க ஒன்பது ஆண்டு ஆயிற்று. ஆறரை மீட்டர் நீளம். ஒன்றே முக்கால் டன் எடை. இரண்டு இறக்கை, இரட்டை வால். வயிற்றில் சுமார் 600 ஓடு. கொலம்பியாவின் சின்னத் தம்பி என்றே சொல்லலாம் அதன் முகத்தைப் பார்த்தால்.

2016 மே 23. காலை 7 மணி. அதே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட்டின் உச்சியில் அது நிற்கிறது. அதுவும் வங்கக் கடலை நோக்கித்தான் வரப்போகிறது.

ஆனால் இந்த முறை பாராசூட் இல்லை. மிதவை இல்லை. இறங்கச் சக்கரமும் இல்லை. கரையிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழும், விழுந்தால் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டே அனுப்புகிறார்கள்.

திரும்பி வருவதற்கென்றே செய்த கலத்தை, திரும்பி வராது என்று தெரிந்தே ஏன் அனுப்பினார்கள்? கிளம்பியதிலிருந்து கடலைத் தொடும்வரை அதற்குக் கிடைத்தது 770 விநாடி. அந்த 770 விநாடியையும் அடுத்த வாரம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம். காத்திருங்கள்.

(தொடரும்)